கியூபாவின் கிண்டலையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கியூபாவின் மின்வெட்டு, உணவுத் தட்டுப்பாடு பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையைப் படித்தேன். தகவலெல்லாம் சரி. ஆனால் அந்த ஊரே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பதுபோல ஒரு எண்ணம் வருகிறது. அது சரியில்லை.

சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்த நான், தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஹவானாவில் இறங்கியிருக்கிறேன். சோவியத் உதவி நின்றுபோய், பெட்ரோலுக்கு நாடே திண்டாடிய காலம். லாரி இழுத்துச் செல்லும் ராட்சதப் பேருந்துகள் ஓடின. முன்னும் பின்னும் திமிலாக உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும். 'ஒட்டகம்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உள்ளே மூச்சுவிட இடமிருக்காது. "சனிக்கிழமை ராத்திரி டி.வி. படம் மாதிரிதான். செக்ஸ், வன்முறை, கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு" என்றார் துறைமுகத்து கிரேன் ஆபரேட்டர். புரட்சியின் சாதனை கல்வி, மருத்துவம், விளையாட்டு. தோல்வி காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு என்ற ஜோக்கையும் அவர்தான் சொன்னார். ஊருக்கே தெரிந்த பழைய ஜோக்காம். காஸ்ட்ரோவைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெயர் வாயில் வராது; தலைவரின் தாடியைக் குறிப்பதுபோலத் தாடையை நீவிக் காட்டுவார், அவ்வளவுதான்.

இதெல்லாம் திருட்டுத்தனமாகச் சொல்வது மட்டும் என்று நினைக்க வேண்டாம். கியூப இயக்குநர் தோமஸ் குத்தியெரஸ் அலெயாவின் 'ஓர் அதிகாரியின் மரணம்' 1966இல் அரசுத் திரைப்பட நிறுவனமே எடுத்த படம். உழைப்பாளி ஒருவரை மரியாதையாக அவருடைய தொழிலாளர் அட்டையோடு புதைத்துவிடுகிறார்கள். அட்டையைக் காட்டினால்தான் மனைவிக்குப் பென்ஷன். சரி, ரகசியமாகத் தோண்டி எடுத்தாகிவிட்டது. திரும்பப் புதைக்கப் போனால், தோண்டுவதற்கு வாங்கிய உத்தரவு எங்கே என்று கேட்கிறார்கள்! அரசுத் தொலைக்காட்சியிலும் நகைச்சுவை நடிகர் லூயிஸ் சில்வா 'பான்ஃபிலோ' என்ற பென்ஷன்காரக் கிழவராக வந்து ரேஷன் அட்டையை வைத்துப் புலம்பிச் சிரிக்கவைத்தார். 2016இல் ஹவானா வந்த ஒபாமாவே அவரோடு உட்கார்ந்து டோமினோ கட்டை விளையாடினார்.

இதற்காக அங்கே கருத்துச் சுதந்திரம் பொங்கி வழிகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ரேஷன் கடையைக் கிண்டலடிக்கலாம், குமாஸ்தாவைக் கிண்டலடிக்கலாம். தலைவர் பக்கம் போனால் வம்பு. மிச்சத்தை ஜனங்கள் வரிசையில் நிற்கும்போது பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கிண்டலில் பாதி தங்களைப் பற்றியேதான்.

அடுத்த முறை கியூபா பற்றி எழுதுகிறவரிடம், எது கிடைக்கவில்லை என்ற பட்டியலோடு, அதை வைத்து அங்கே என்ன ஜோக் ஓடுகிறது என்றும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர்,
தூத்துக்குடி.