சித்ராவுக்கு: இரண்டு கால்வாய்களும் ஒரு மேடும்

அன்புள்ள சித்ரா,

நீ நெதர்லாந்தின் ஆர்னெமிலிருந்து அனுப்பிய படங்களை உன் அம்மாவும் நானும் பார்த்தோம். சரக்குப் படகுகள் நின்றுபோன அப்பல்டோர்ன் கால்வாய், அதன் கரையோடு போகும் சைக்கிள் பாதை, இரண்டு பக்கமும் மரம். அப்புறம் அந்த போஸ்பாங்க் மேடு. நூறு மீட்டர் உயரம்கூட இல்லை, ஆனாலும் ஆகஸ்டில் பூத்துக் கிடக்கும்போது கம்பளம் விரித்த மாதிரி ஊதாவாக இருக்கிறது. உன் அம்மா “அழகாக இருக்கிறது, ஸ்வெட்டர் போட்டிருக்கிறாளா?” என்றாள். எனக்கோ நீ கீழே எழுதியிருந்த வரிதான் சுருக்கென்று தைத்தது: “மாமா, நம் வடசென்னையில் இப்படி ஒரு கிலோமீட்டராவது உண்டா?”

போனில் பதில் சொன்னால் சண்டையில் முடியும். அதனால் எழுதுகிறேன். தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் சைக்கிளைத் துடைத்து வைத்துவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் இருக்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நீ சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மணலி வழியாகப் போகிற எந்தச் சாலையிலும் சைக்கிளுக்கு இடமில்லை. கண்டெய்னர் லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் கிடைத்தால் அதிர்ஷ்டம். விடியற்காலையில் காலியாக இருக்கும் என்று நினைக்காதே. பகலில் ஊருக்குள் விடாத வண்டிகள் எல்லாம் இரவில்தான் ஓடி முடிக்கின்றன. போன ஐப்பசியில் ஒரு டிரெய்லர் உரசியபடி போனதில் நானும் என் ஹெர்குலிஸும் மழைநீர்க் கால்வாயில் கிடந்தோம். கைப்பிடி கோணியது, மூக்குக் கண்ணாடி உடைந்தது. வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா இதையெல்லாம் படிக்க மாட்டாள் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வரைபடத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர் வரை நேர்கோடாக ஒரு நீலக்கோடு தெரியும். அடடா, கால்வாய்க் கரைப் பாதை என்று கிளம்பிவிடுவார்கள். அது பக்கிங்காம் கால்வாய். 1806இல் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் பெயரில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசித்து வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். வெட்டியவர்கள் பெயர் எதுவும் இல்லை. கவர்னராக இருந்த பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது. உன் தாத்தாவின் சின்ன வயதில் உப்பும் விறகும் கிளிஞ்சலும் அதில் படகேறி வந்து இறங்கின. 2008இல் அதை நான்காம் எண் தேசிய நீர்வழியில் சேர்த்தார்கள். அந்த நீர்வழியில் இப்போது என்ன மிதந்து போகிறது என்று கொருக்குப்பேட்டைப் பாலத்தில் ஒரு நிமிடம் நின்றால் தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டலாம் என்றால் ஓட்டு.

அதே கால்வாயை நல்லபடியாகப் பார்க்க வேண்டுமானால் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். பொன்னேரி வரைக்கும் சைக்கிளை ஒரு குட்டியானையில் ஏற்றிவிடு. வீட்டு வாசலிலிருந்தே மிதித்தால்தான் சைக்கிள் பயணம் என்று சொல்கிற வீராதி வீரர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஒரு மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. தை மாதத்தில் இருபுறமும் நெல். எதிர்காற்று மட்டும் உண்டு. கடல் பக்கமிருந்து வரும் காற்றுக்குக் குனிந்து கொடுத்தால்தான் சைக்கிள் நகரும். ஒருவழியாக ஏரி கண்ணில் படும். உப்பும் நன்னீரும் கலந்த ஏரிகளில், இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது அது. பனிக்காலத்தில் பூநாரைகள் தூரத்தில் வெளிர்ச்சிவப்பாக ஒரு வரிசை நிற்கும். கிட்டே போகலாம் என்று படகுக்காரர் சொன்னாலும் போகாதே, பறந்துவிடும்.

அங்கே உனக்கென்று ஒன்று இருக்கிறது. நீ இருக்கிற மாகாணம் கெல்டர்லாந்து அல்லவா? 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கட்டிய கோட்டைக்குப் பெயர் கெல்ட்ரியா. உன் மாகாணத்தின் பெயர்தான். கால்வாய் நாட்டிலிருந்து வந்தவர்கள் உப்பங்கழி ஓரமாகப் பார்த்துக் கடை போட்டது ஒன்றும் ஆச்சரியமில்லை. கோட்டை இப்போது முட்புதர். கல்லறைத் தோட்டம்தான் மிச்சம். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கல்வெட்டுகளில் இருக்கும் டச்சை நீ எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். இத்தனை வருடமாக அவற்றை வெறுமனே தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொரு கால்வாய். ஊத்துக்கோட்டைப் பக்கம் போகும் கால்வாய். கிருஷ்ணா நீர் என்று செய்தியில் கேட்டிருப்பாய். எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது 1983இல் போட்ட ஒப்பந்தம். 1996இல்தான் தண்ணீர் நம் எல்லைக்கு வந்தது. கண்டலேறு அணையிலிருந்து பூண்டி வரை 177 கிலோமீட்டர். அதில் கடைசி 25 மட்டும் நம்முடையது. ஆந்திரம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தை ஜீரோ பாயிண்ட் என்பார்கள். நம் சைக்கிள் அங்கிருந்துதான் புறப்படும்.

அதுவரை சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக்கொள்வோம். செங்குன்றம், ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம் என்று போகும் சாலை. பெரியபாளையம் தாண்டும் வரை பொறுமை தேவை. ஊத்துக்கோட்டையில் இட்லி. அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் சுருட்டப்பள்ளி, ஆந்திரம். அங்கே சிவன் விஷம் குடித்த அசதியில் அம்மன் மடியில் தலைவைத்துப் படுத்திருப்பார். மிதித்துக் களைத்துப் போகிற எவனுக்கும் அவரைப் பார்த்தால் பொறாமை வரும்.

அப்புறம்தான் கால்வாய். சரிவான கான்கிரீட் கரைகளுக்கு நடுவே தண்ணீர் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஒப்பந்தப்படி ஜூலை முதல் அக்டோபர் வரை 8 டி.எம்.சி., ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. கணக்கு எல்லா வருடமும் அப்படியே நடக்கும் என்று இல்லை. கரையில் பராமரிப்புக்கான மண் பாதை உண்டு. யாராவது ஊழியர் வேண்டாமென்றால் வாதாடாமல் ஊர்ச்சாலைக்கு இறங்கிவிடு. தண்ணீரைப் பார்த்ததும் கால் நனைக்க மட்டும் இறங்காதே. அந்தக் கான்கிரீட்டில் பாசி பிடித்திருக்கும், ஏறி வர எதையும் பிடிக்க முடியாது. என்னதான் நீச்சல் தெரிந்தாலும் சரி.

நான் அங்கே முதல்முறை போனபோது அரைமணி நேரத்தில் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. வேலிக்கருவை முள். சீத்தஞ்சேரி வரை தள்ளிக்கொண்டே போனேன். புளியமரத்தடியில் ஒரு பெரியவர். ட்யூபை உருவி, காற்றடித்து, அலுமினியச் சட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தித் திருப்பினார். குமிழி வந்த இடத்தை ஈரம் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஊதினார். ஒட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்தார். “பூண்டி போவதற்கு இப்படி ஏன் வந்தீர்கள்? திருவள்ளூருக்கு ரயில் இருக்கிறதே” என்றார். கால்வாயைப் பார்க்க என்றேன். “அதில் என்ன இருக்கிறது, தண்ணீர்தானே” என்று ஒட்டைப் பதித்துச் சுத்தியால் தட்டினார்.

நீ கேட்ட மேடு அங்கேதான் இருக்கிறது. சீத்தஞ்சேரியைச் சுற்றி அல்லிக்குழி மலை. மலை என்று சொல்வதே கொஞ்சம் பெருந்தன்மை. காட்டுச் சாலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். கியர் இல்லாத என் வண்டியில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளுவேன். தள்ளும்போதுதான் கீழே பார்க்கத் தோன்றும். செம்மண்ணுக்குள் கைக்கு அடங்குகிற உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். அவை குவார்ட்சைட். இந்தக் கல்லைத்தான் பக்கத்து ஊரான அத்திரம்பாக்கத்தில் ஆதி மனிதர்கள் கோடாரியாகக் கொத்தினார்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் அங்கே அந்தக் கருவிகளைக் கண்டுபிடித்தார். தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்புவின் குழுவினர் அகழ்ந்து பார்த்து, அவற்றில் பழையவற்றுக்கு வயது 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் சொன்னார்கள். பூண்டியில் சின்ன அருங்காட்சியகத்தில் அந்தக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். குடியம் குகையும் இந்தக் காட்டில்தான்; சைக்கிளை ஊரிலேயே விட்டுவிட்டு, வனத்துறையைக் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

சாலை பூண்டி ஏரிக்கரைக்கு இறங்கும். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி அதற்காகப் பாடுபட்டவர். 1943இல் போய்விட்டார், ஏரி 1944இல் நிறைவேறியது. கால்வாயில் நம்மோடு வந்த தண்ணீர் அங்கே கலந்து, சோழவரம், புழல் என்று நம் பக்கம் திரும்பும். நாம் திருவள்ளூரில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, சைக்கிள்களை மறுபடியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பலாம்.

பொங்கல் முடிந்து நான்காம் நாள் வைத்துக்கொள்வோமா? எதிர்வீட்டுப் பையனின் கியர் சைக்கிளை உனக்குக் கேட்டு வைத்திருக்கிறேன், சீட்டை மட்டும் இறக்க வேண்டும். இங்கே தெருவில் குரங்குப் பெடல் அடித்தவளுக்கு அது பெரிய விஷயமில்லை. உங்கள் ஊர் சைக்கிளிலும் நம் பழைய வண்டிகளில் இருக்கிற அதே வால்வுதான் என்றும், ஆனால் ரப்பர் குழாய் மாட்டத் தேவையில்லாத மாதிரி வந்திருக்கிறதென்றும் முன்பு சொன்னாய். அதில் நாலு வாங்கி வா. என்னுடைய ரப்பர் வெயிலில் வெந்து மாதத்துக்கு ஒருமுறை கிழிகிறது. இரண்டு எனக்கு, இரண்டு சீத்தஞ்சேரிப் பெரியவருக்கு.

அன்புடன்,
மாமா