பகடை உருட்டினால் சூதாட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தோட்ட வாசிகசாலையில் ஞாயிறு பின்னேரங்களில் பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவதைப் பார்த்த சிலர், சூதாட்டம் பழகுகிறார்கள் என்று முறைப்பாடு செய்தார்கள். இப்போது கதவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

அங்கே யாரும் காசு வைத்து ஆடவில்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். அது பலிக்குமா என்ற சந்தேகம் வரும் இடத்தில்தான் பகடை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டுத்தான், இப்படிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வகைக்கு வழி திறந்தது. எண்பதுகளில் அங்கேயும் இதைப் பிசாசு வழிபாடு என்று சொல்லிப் பயந்த பெற்றோர் இருந்தார்கள்.

எங்கள் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது, தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த நம் ஆட்களின் கதை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காட்டு வழி, கூட்டத்தில் காய்ச்சல், மிச்சம் ஒரு குடம் தண்ணீர். ஆட்களைக் கூட்டிவரும் கங்காணியாக இருந்த பையன், "தண்ணிக்கும் கணக்கு எழுதுவேன்" என்றான். எதிரே இருந்த பிள்ளை விடவில்லை. "அப்ப எங்க கணக்க நாங்களே எழுதுறோம், கொப்பியக் குடுங்க" என்றாள். உருட்டினார்கள். இருபது பக்கப் பகடையில் மூன்று என்ற சின்ன எண்தான் விழுந்தது, கொப்பி கிடைக்கவில்லை. அப்புறம் வெகுநேரம் ஒரே பேச்சு: முன்பணக் கடன் எப்படி ஏறியது, அவர்களால் ஏன் திரும்பிப் போக முடியவில்லை என்று. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் கேட்ட கேள்விகள் அவை.

மாசி பிறந்தால் ரதியும் மன்மதனுமாக வேடம் கட்டித் தோட்டமே கூடிக் காமன் கூத்து ஆடுகிற சனம் நாம். வேறொருவராக நின்று பேசுவது நமக்குப் புதிதில்லை. ஆனால் கூத்தில் மன்மதன் எரிந்தே ஆகவேண்டும். இங்கே முடிவைப் பிள்ளைகளே பேசித் தீர்மானிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொன்னதைச் செய்தே பழக்கப்பட்ட நமக்கு அது பெரிய விஷயம்.

சாதாரண தரப் பரீட்சை என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயம்தான். சரி, அந்த வருடப் பிள்ளைகள் பரீட்சை முடித்துவிட்டு வரட்டும். செலவும் பெரிதில்லை. பகடை கிடைக்காவிட்டால் 1 முதல் 20 வரை எழுதிய கடதாசித் துண்டுகளைப் பால்மா டின்னில் போட்டு எடுக்கலாம்.

வாசிகசாலைப் பொறுப்பாளர்கள் ஞாயிறு 2 மணியிலிருந்து 5 மணி வரையாவது கதவைத் திறந்துவிட வேண்டும். முறைப்பாடு செய்தவர்களும் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். கூத்து மாஸ்டர்கள் வந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளுக்கு அவர்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அட்டன்