பனிக்கடியில் கச்சேரி நடக்கிறது, கப்பலை மெதுவாக ஓட்டுங்கள்

சர்வதேச கடல்சார் அமைப்பின் உறுப்பு நாடுகளுக்கும், அதன் கடல் சூழல் பாதுகாப்புக் குழுவில் உட்கார்ந்து விதிகளை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மாலுமியும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு திமிங்கலப் பாட்டு கேட்கிற ஆள், அவ்வளவுதான். கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் நடுவே ஃப்ராம் நீரிணை இருக்கிறது. அங்கே கடலுக்கடியில் வைத்த ஹைட்ரோபோனில், அதாவது நீருக்கடி மைக்கில், பதிவான போஹெட் என்னும் ஆர்க்டிக் திமிங்கலத்தின் பாட்டை முதலில் கேட்டபோது, இது ஒரே விலங்குதானா என்று சந்தேகம் வந்தது. அடியில் கரகரவென்று ஓர் உறுமல் இழுத்துக்கொண்டே போகிறது. அதன்மேல் கீச்சென்று ஓர் ஊளை ஏறி இறங்குகிறது. பாடுவது ஒன்றேதான். போஹெட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு குரலில் பாட வரும்.

கடல் ஒலி ஆய்வாளர் கேட் ஸ்டாஃபோர்டும் அவருடைய குழுவினரும் 2010க்கும் 2014க்கும் இடையே அந்த நீரிணையில் எடுத்த பதிவுகளிலிருந்து 184 வெவ்வேறு பாட்டுகளைப் பிரித்தெடுத்து 2018இல் வெளியிட்டார்கள். திமிங்கல எண்ணெய்க்காக 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேட்டை மிச்சம் வைத்த சில நூறு திமிங்கலங்களின் பாட்டு இது. கூனல் முதுகுத் திமிங்கலங்கள் அப்படியில்லை. ஒரு கூட்டத்தின் ஆண்கள் எல்லாம் அந்தப் பருவத்தில் ஏறத்தாழ ஒரே பாட்டைத்தான் பாடும். போஹெட் ஓர் ஆண்டு பாடியதை மறு ஆண்டு பாடவில்லை. சில பாட்டுகள் சில மணி நேரம் ஒலித்ததோடு சரி.

எப்போது பாடுகின்றன என்பதுதான் உங்களுக்கு முக்கியம். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை. சூரியனே எட்டிப் பார்க்காத மாதங்களிலும், தலைக்கு மேலே பனி மூடிக் கிடக்க, இரவு பகல் என்றில்லாமல் பாடுகின்றன. துணை தேடும் காலமும் அதுவே. ஆண்கள்தான் பாடுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த இருட்டில் கண்ணால் என்ன பயன்? தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப்போல நாலு மடங்குக்கும் மேல். ஆர்க்டிக்கில் இன்னொரு விசேஷம் உண்டு. அங்கே மேல் நீர்தான் மிகவும் குளிர்ந்தது, அதனால் ஒலி மேல்நோக்கி வளைகிறது. பனியின் அடிப்பக்கத்தில் பட்டுத் தெறித்து, மறுபடி வளைந்து, மேல் அடுக்கிலேயே வெகுதூரம் போகிறது. பாட்டுக்கு நல்ல பாதை. உங்கள் கப்பல்களின் இரைச்சலுக்கும் அதே பாதைதான்.

விலகிப் போய்ப் பாடட்டுமே என்று சொல்ல முடியாது. விலங்குகளின் குரலை ஆராயும் கோயன் எலமன்ஸின் குழு, கரையொதுங்கி இறந்த திமிங்கலங்களின் குரல்வளைகளை எடுத்துக் காற்றை ஊதிப் பார்த்து, 2024இல் ஒரு விஷயத்தைச் சொன்னது. பல்லுக்குப் பதில் சல்லடைத் தகடுகள் உள்ள பலீன் திமிங்கலங்களின் (போஹெட்டும் அந்த இனம்தான்) குரல்வளையில் யூ வடிவத்தில் ஓர் அமைப்பு இருக்கிறது. அது ஒரு கொழுப்புத் திண்டின்மேல் அழுந்தி, இடையில் காற்று போகும்போது அதிர்கிறது. காற்று வீணாவதில்லை, சுற்றிவந்து மறுபடி பயன்படுகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு எல்லை உண்டு: சுருதியில் சுமார் 300 ஹெர்ட்ஸ்வரை, ஆழத்தில் சுமார் 100 மீட்டர்வரை. போஹெட்டால் இதைவிட உச்சத்திலும் பாட முடியும், சரி. ஆனால் தொலைவு போவது தாழ்ந்த குரல்தான். புரொப்பெல்லர் வேகமாகச் சுழலும்போது அதன் அலகுகளில் ஆயிரக்கணக்கான குமிழிகள் தோன்றிப் படபடவென்று உடைகின்றனவே, அந்த இரைச்சலின் பெரும்பங்கும் இதே தாழ்ந்த சுருதியில்தான். ஆழமும் அதேதான். திமிங்கலம் வேறு எங்கே போகும்?

உங்களைப் போன்ற இன்னொரு சர்வதேச அமைப்புக்கு நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 1977இல் சர்வதேச திமிங்கல வேட்டை ஆணையம், அலாஸ்காவின் பழங்குடியினர் உணவுக்காக போஹெட் பிடிப்பதற்குத் தடை விதித்தது. திமிங்கலங்கள் மிகச் சொற்பம் என்பது காரணம். பனி விளிம்பில் நின்று கண்ணால் பார்த்த கணக்கு அது. அந்தப் பழங்குடியினரான இன்யூபியட் வேட்டைக்காரர்கள் மறுத்தார்கள்: ‘அவை பனிக்கு அடியிலும் போகும், உங்கள் கண்ணில் படாது.’ அப்புறம் ஹைட்ரோபோன்களை இறக்கினார்கள். கேட்டால், யாரும் பார்க்காத திமிங்கலங்கள் குரல் கொடுத்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தன. 2011இல் எடுத்த கணக்கெடுப்பில் அந்தக் கூட்டம் ஏறத்தாழ 17,000. தலைமுறை தலைமுறையாக அவற்றோடு வாழ்ந்தவர்கள் சொன்னதை முதலிலேயே காதில் வாங்கியிருந்தால் இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே உள்ள பேரிங் நீரிணையில் 2018இல் கப்பல் பாதைகள் வகுத்தீர்கள். ஆர்க்டிக்கில் கப்பல்கள் எரிக்கும் கனரக எண்ணெய்க்கு 2024 ஜூலையிலிருந்து தடை, விலக்குகள் நிறைய இருந்தாலும். 2017இல் அமலுக்கு வந்த துருவக் கடல் விதித்தொகுப்பு எண்ணெய், கழிவுநீர், குப்பை என்று எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறது. சத்தத்தை மட்டும் விட்டுவிட்டது. சத்தத்துக்கென்று 2014இலும் 2023இலும் வழிகாட்டுதல்கள் தந்தீர்கள். நல்ல ஆவணங்கள்தான், ஆனால் விருப்பப்பட்டவர் பின்பற்றலாம் என்ற ரகம். போட்டிக்காரர் வேகமாகப் போகும்போது எந்த முதலாளி தானாக வேகத்தைக் குறைப்பார்?

2013இலிருந்து 2023க்குள் ஆர்க்டிக்கில் ஓடும் கப்பல்களின் எண்ணிக்கை 37 சதவீதம் கூடியிருக்கிறது. இதுவரை பெரும்பாலான கப்பல்கள் கோடையில்தான் வருகின்றன, பாட்டு குளிர்காலத்தில். கால அட்டவணைதான் திமிங்கலத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதுவும் மாறத் தொடங்கிவிட்டது: 2021 பிப்ரவரியில் ஓர் எரிவாயுக் கப்பல், பனி உடைக்கும் கப்பலின் துணையோடு ரஷ்யாவின் வட கடல் பாதையைக் கடந்து காட்டியது.

ஆகவே கேட்பது இதுதான். போஹெட் பாடும் நீர்ப்பரப்புகளை வரைபடத்தில் குறியுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல்வரை அங்கே வேக வரம்பைக் கட்டாயமாக்குங்கள். துருவ நீரில் ஓடப்போகும் புதிய கப்பல்களுக்கு இரைச்சல் அளவை நிபந்தனையாக வையுங்கள். எல்லைகளை வரையும்போது ஆர்க்டிக்கின் பழங்குடியினரான இன்யூட் மக்களின் பிரதிநிதிகள் மேசையில் இருக்கட்டும், பார்வையாளர் வரிசையில் அல்ல. உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்தீர்களா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஹெட்போனை இன்னும் கழற்றாத ஒருவன்