ஒல்கா உரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர் இரண்டாம் நிக்கலஸின் தங்கை ஒல்கா அலெக்சாந்திரோவ்னா பற்றி நாங்கள் கனடாவின் ஸ்காபரோவில் வைத்த தமிழ் உரை நல்லபடியாக முடிந்தது. பேசியது நான்தான் என்றாலும், உரையில் பாதிக்கு மேல் உங்களுடைய உழைப்பு.

ரஷ்ய மொழியில் இருந்ததையெல்லாம் பொறுமையாக வாசித்துச் சொன்ன அம்மாவுக்கு முதல் நன்றி. ஒல்கா பிறந்தது 1882 ஜூன் 1 என்றும் 13 என்றும் இரண்டு விதமாக எழுதப்படுவது பழைய, புதிய நாட்காட்டிகளால்தான் என்று விளக்கியவர் அவர். ஒல்கா வளர்ந்த காச்சினா அரண்மனையில் அத்தனை அறைகள் இருந்தும் ஜார் வீட்டுப் பிள்ளைகள் கட்டாந்தரை போன்ற மடக்குக் கட்டிலில் படுத்து, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, காலையில் கஞ்சி குடித்து வளர்ந்தார்கள் என்றபோது, முன்வரிசையில் ஒருவர் "கஞ்சியா?" என்று கேட்டாரே, அவருக்கும் நன்றி! அதுவரை இறுக்கமாக இருந்த சபை அங்கேதான் இளகியது.

"புரட்சிக்கு முன், பின் என்று இரண்டாகப் பிளந்து பேசாதீர்கள்" என்று கடைசிவரை அடம்பிடித்த அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 1901இல் ஓல்டன்பர்க் பிரபுவுக்கு மணம் முடித்து வைக்கப்பட்ட ஒல்கா, 1903இலேயே குலிக்கோவ்ஸ்கி என்ற படை அதிகாரியை விரும்பினார். கணவர் மணவிலக்குக்கு மறுத்து, ஏழு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார். அந்தக் காத்திருப்பு 1916 வரை நீண்டது. அப்போது அவர் கீவ் நகர மருத்துவமனையில் தாதி. அங்கேயே, ஜார் ஆட்சி இருக்கும்போதே, குலிக்கோவ்ஸ்கியைக் கைப்பிடித்தார். அரண்மனை வாழ்வை 1917 புரட்சி பறிக்கும் முன்பே அவர் அதிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கிரிமியாவில் வீட்டுக்காவலும், 1918இல் இரண்டு தமையன்மார் கொல்லப்பட்டதும் அவர் கேட்டு வந்தவை அல்லவே.

1905இல் மனுக் கொடுக்க வந்த தொழிலாளர்களை ஜாரின் படை சுட்டதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை என்று எழுந்து கேட்ட ஐயாவுக்கும் நன்றி. சிலருக்கு முகம் சுளித்தது. எனக்கு அந்தக் கேள்விதான் கூட்டத்தின் உயிர். அனுதாபத்தோடு பேசும்போது யாராவது அப்படிக் கேட்கத்தான் வேண்டும்.

அப்புறம், காரோட்டிய தம்பிக்கு. டொரொண்டோவுக்குப் பக்கத்துக் குக்ஸ்வில்லில் ஒல்கா குடியிருந்த பக்கம், அவர் அடக்கமான யோர்க் மயானம் எல்லாம் காட்டிக் கொண்டுவந்தது அவர்தான். புரட்சிக்குப் பின் தப்பியோடியபோது, தன் தாயின் மெய்க்காவலராக இருந்த கொசாக் படைவீரர் யாச்சிக்கின் தென் ரஷ்ய ஊரில், 1919இல் வாடகை வீட்டில் இரண்டாவது மகனைப் பெற்றவர் ஒல்கா. பிறகு டென்மார்க்கில் பண்ணை வைத்து, படம் வரைந்து விற்றார். தப்பி வந்த ரஷ்யர்களுக்கு உதவினார் என்று சோவியத் தரப்பு குற்றம் சாட்ட, 1948இல் கனடாவுக்கு வந்து மறுபடியும் பண்ணை. 1959இல் எலிசபெத் மகாராணி தன் கப்பலுக்கு விருந்துக்கு அழைத்த பெண்மணி, அடுத்த வருடம் நவம்பரில், ஓர் அழகு நிலையத்துக்கு மேலே இருந்த வீட்டில் கண்ணை மூடினார். அது ஜெரார்ட் வீதி கிழக்கு. நாம் சேலையும் சரக்குத்தூளும் வாங்கப் போகும் அதே வீதி, கொஞ்சம் மேற்கே தள்ளி. கடைசிக் காலத்தில் அவரை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டதும் அவரைப் போலவே நாட்டைவிட்டு வந்த ரஷ்யர்கள்தான்.

ரோல்ஸ், தேநீர் தந்த சகோதரிகளுக்கும், கதிரைகளை அடுக்கிவிட்டுப் போன இளையவர்களுக்கும் என் அன்பு.

அடுத்த கூட்டத்துக்குப் பொருள் தேடும் வேலை மிச்சம். 1905 பற்றிக் கேட்ட ஐயாவையே பேசவைக்கலாமென்று இருக்கிறேன். அவர் இன்னும் சரி சொல்லவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.