அன்று நீ பார்த்த கப்பல்

வட அட்லாண்டிக்,
டிசம்பர் மாதம், பயணத்தின் ஐந்தாம் நாள்

அன்புள்ள நண்பனுக்கு,

மகள் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாள் உன் கடிதம் கைக்கு வந்தது. இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இனி யார் உதவியும் இல்லாமல் படிப்பேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனது லேசாகிவிட்டது. அதனால்தான் போனில் நாலு வரி தட்டி அனுப்பாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தைச் சற்றுப் பெரிதாகவே போட்டிருக்கிறேன். வரி கோணலாகப் போகும் இடங்களில் கப்பல் சாய்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்.

ஆம், கப்பலில்தான் போகிறேன். குயீன் மேரி 2. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவுகள். பொங்கல் வரை மகனுடன் நியூஜெர்சியில் இருப்பதாக ஏற்பாடு. விமானத்தில் ஏழெட்டு மணி நேரத்தில் வந்துவிடலாமே, குளிர்காலத்தில் இந்தக் கடலில் எதற்கு என்று மகன் எவ்வளவோ சொன்னான். முப்பத்திரண்டு வருடம் இதே கடலில் சம்பாதித்துத்தான் உன்னைப் படிக்கவைத்தேன் என்றேன். அதற்கு மேல் அவன் பேசவில்லை. ஆனால் உண்மையான காரணம் அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

1985, அக்டோபர் கடைசி. நான் நான்காம் இன்ஜினியர், நீ ஐந்தாவது. எட்டு-பன்னிரண்டு வாட்ச். மூன்று நாளாகப் புயல். கப்பலின் பின்புறம் தூக்கும்போதெல்லாம் புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து இன்ஜின் அலறும். கன்ட்ரோல் லீவரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பத்தரை மணிக்கு மேலே பிரிட்ஜிலிருந்து டெலிபோன்: ‘குயீன் எலிசபெத் 2 கடந்து போகிறது, பார்க்க வேண்டுமானால் ஒருவர் ஓடி வாருங்கள்.’ ஒருவர்தான் போகலாம். உன்னைப் போகச் சொன்னேன். நீ திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று, நான் கோபித்துக்கொண்டேன். மேலெல்லாம் நனைந்து, கண் மட்டும் பளபளக்க நின்று நீ சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘ஒரு ஊரே விளக்கைப் போட்டுக்கொண்டு போகிறது. நாம் இங்கே எழுந்து எழுந்து விழுகிறோம், அது கோடு கிழித்த மாதிரி போகிறது.’ நான் பார்க்காத அந்தக் கப்பலை நாற்பது வருடமாக உன் வார்த்தையில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருடமே அதன் நீராவி டர்பைன்களைக் கழற்றி ஒன்பது டீசல் இன்ஜின்களைப் பொருத்திவிட்டார்கள். நீ பார்த்தது நீராவியில் ஓடிய குயீன் எலிசபெத் 2. கடைசிக் காலத்தில் பார்த்திருக்கிறாய்.

இப்போது நான் இருக்கும் கப்பல் அதன் வாரிசு. நீளம் 345 மீட்டர். பிரான்சில் சென்-நசேர் தளத்தில் கட்டி, 2004 ஜனவரியில் முதல் பயணம் போனது. ‘க்ரூஸ் கப்பல்தானே’ என்று நீ எழுதியிருந்தாய். இல்லை. க்ரூஸ் கப்பல் வெயிலைத் தேடிப் போகிறது, புயல் என்றால் விலகிப் போகிறது. இது லைனர். கிளம்பும் தேதியும் போய்ச் சேரும் தேதியும் போட்டுவிட்டு, நடுவில் என்ன வந்தாலும் தாண்டிப் போகக் கட்டிய கப்பல். அதே அளவு க்ரூஸ் கப்பலைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடுதல் எஃகு போட்டிருக்கிறார்கள். உயிர்காப்புப் படகுகளை அலை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்று உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் லைனர் இது ஒன்றுதான். அதை நினைக்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது.

இதை வடிவமைத்தவர் ஸ்டீபன் பெய்ன். 1972-இல் பழைய குயீன் எலிசபெத் ஹாங்காங் துறைமுகத்தில் எரிந்து சாய்ந்தது நினைவிருக்கிறதா? இனி இப்படி ஒரு கப்பல் கட்டப்போவதில்லை என்று இங்கிலாந்தில் ஒரு குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஆண்டு மலரில் போட்டிருந்தார்களாம். பள்ளிச் சிறுவனாக இருந்த பெய்ன், தான் கட்டப்போகும் கப்பலின் வரைபடத்தோடு அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர்களும் ஒரு நீல பேட்ஜ் அனுப்பி வைத்தார்கள். அந்தப் பையன் வளர்ந்து கட்டிய கப்பலில்தான் இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நானும் என் மனைவியும் இருப்பது நான்காம் தளம், கப்பலின் நடுப்பகுதி. மேல் தளம் வாங்கித் தருகிறேன் என்றாள் மகள். ஆட்டம் குறைவாக இருக்கும் இடம் எது என்று எனக்குத் தெரியாதா? அப்படியும் மூன்றாம் நாள் இரவு பிடித்துக்கொண்டது. காற்று பத்தாம் எண், அதாவது கடும்புயல் என்றார் கேப்டன். வெளித்தளக் கதவுகளைப் பூட்டி, நீச்சல் குளத்துத் தண்ணீரை இறக்கிவிட்டார்கள். லிஃப்ட் அருகில் காகிதப் பைகள் முளைத்தன. உன் தங்கை இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். அறைப் பணியாளர் பச்சை ஆப்பிள் நான்கு துண்டு நறுக்கிக் கொண்டுவந்து தந்தார். வாந்திக்கு இந்தக் கடலில் காலம்காலமாக அதுதான் மருந்து. நான் என் பங்குக்கு இஞ்சி மரப்பாவை நீட்டினேன். அலமாரிக்குள் ஹேங்கர்கள் டக் டக்கென்று இடித்துக்கொண்டே இருந்தன. துண்டைச் சுருட்டி நடுவில் செருகினேன், அடங்கியது. பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து லைஃப் ஜாக்கெட் இரண்டையும் எடுத்து மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் திணித்தேன். மெத்தை சுவர்ப் பக்கமாகச் சரிந்து தொட்டில் மாதிரி ஆகிவிட்டது. ‘இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?’ என்றாள். உன் பெயரைச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. தரையில் வெறுங்காலை வைத்து உட்கார்ந்திருந்தேன். பழக்கம். இன்ஜின் துடிப்பு உள்ளங்காலுக்கு வருகிறதா என்று பார்த்தேன். மிக மெல்லிதாக, ஒரு சீராக வந்தது. ஒரு தடவைகூட அலறவில்லை. இந்தக் கப்பலில், இன்ஜினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் தண்டு ஓடுமே, அந்த ஷாஃப்ட் டனலே கிடையாது. அடிவயிற்றில் வெளிப்புறமாக நான்கு பாட்கள், அதாவது புரொப்பெல்லரோடு சேர்ந்த மோட்டார்க் கூடுகள், தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே 21.5 மெகாவாட் மின் மோட்டார். இரண்டு நிலையாக நிற்கும், மற்ற இரண்டு முழுதாகச் சுற்றும், அதனால் சுக்கானும் இல்லை. நீயும் நானும் குனிந்து நடந்து, ஒவ்வொரு பேரிங்காகப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தோமே, அந்தக் குகை இவர்களுக்குத் தேவைப்படவில்லை.

பகல் எல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்பாய். மூன்றரை மணிக்கு நடன மண்டபத்தில் வெள்ளைக் கையுறை போட்ட பரிமாறுபவர்கள் தேநீர் ஊற்றுகிறார்கள். இரவில் அதே மண்டபத்தில் எண்பது வயதுத் தம்பதிகள் கப்பல் சாயும் பக்கமே சாய்ந்து ஆடுகிறார்கள். பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. எட்டாம் தளத்து முகப்பில் பெரிய நூலகம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல். உன் தங்கை இரண்டு நாளாக அங்கேதான். மேலே பன்னிரண்டாம் தளத்தில் நாய்களுக்குத் தனி விடுதி உண்டு. அவற்றின் வசதிக்காக ஒரு இங்கிலாந்து விளக்குக் கம்பத்தையும் ஒரு அமெரிக்கத் தீயணைப்புக் குழாயையும் அருகருகே நட்டு வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டில் குறையில்லை. இரவு இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். மேற்கே போகும்போது இப்படி ஐந்து நாள் இருபத்தைந்து மணி நேரம். இந்தக் கடிதமே அப்படிக் கிடைத்த ஒரு மணி நேரத்தில் எழுதுவதுதான்.

என் நேரம் பெரும்பாலும் ஏழாம் தளத்தில் போகிறது. கப்பலை முழுக்கச் சுற்றி வரும் மரத்தளம். மூன்று சுற்று நடந்தால் ஒன்றேகால் மைலுக்குச் சற்றுக் குறைவு. நேற்று காற்று தணிந்து கதவைத் திறந்துவிட்டார்கள். முன்பக்கம் போனேன். அலைத்தடுப்புக்கு அருகில் வெளியிலேயே புரொப்பெல்லரின் மாற்று இலைகளைப் படுக்கவைத்திருக்கிறார்கள். பயணிகள் அதைச் சிற்பம் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். விளிம்பு எவ்வளவு மெல்லிதாகப் போய் முடிகிறது, வேர்ப்பகுதி எவ்வளவு தடிமன், போல்ட் துளைகள் எந்த வட்டத்தில் இருக்கின்றன என்று. குளிரில் மூக்கு மரத்துப் போய்விட்டது. பிறகுதான் நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். சாம்பல் நிறம். நம் ஊர் அடுப்புச் சாம்பல் அல்ல, ஈயத்தை உருக்கி ஆறவிட்டால் மேலே ஒரு ஆடை படியுமே, அந்த நிறம். முப்பத்திரண்டு வருடம் கடலில் இருந்தும் நாம் கடலைப் பார்த்த நேரம் எவ்வளவு குறைவு! கப்பலின் அடியில் நின்று அதன் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறோம்.

முந்தாநாள் மாலை அதிகாரிகள் பயணிகளைச் சந்திக்கும் விருந்து. கூட்டத்தில் கேப்டனைச் சுற்றி ஒரே நெரிசல். நான் தேடியது தோளில் தங்கப் பட்டைகளுக்கு நடுவே இன்ஜினியர்களின் அடையாளமான ஊதா நிறத்தை. ஓரமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், முப்பது வயதுகூட இருக்காது. நானும் இன்ஜினியர்தான் என்றேன். அடுத்த அரை மணி நேரம் இருவரும் வேறு யாரிடமும் பேசவில்லை. கீழே நான்கு டீசல், வேகம் வேண்டும்போது உதவிக்கு இரண்டு கேஸ் டர்பைன். அந்த டர்பைன்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? புகைப்போக்கிக்குக் கீழே, உச்சியில்! கீழே வைத்தால் காற்றுக் குழாய்களே பாதிக் கப்பலைத் தின்றுவிடும் என்று மேலேயே ஏற்றிவிட்டார்கள். இன்ஜின் அறைக்குப் போக மாடிப்படி ஏறுவது என்பதை உன்னால் நம்ப முடிகிறதா? கீழே அழைத்துப் போக முடியுமா என்று கேட்டேன். அனுமதி இல்லை என்று வருத்தத்தோடு சொன்னாள். விடைபெறும்போது கை குலுக்கினாள். விரல் இடுக்கில் கழுவியும் போகாத கறுப்பு. நம் கை.

உன் பேரன் விஷயத்துக்கு அவளை நினைத்துத்தான் பதில் எழுதுகிறேன். அவன் கப்பலுக்குப் போகத் துடிக்கிறான், உன் மகள் அழுகிறாள், நீ நடுவில் நிற்கிறாய். உன் மகள் அழுவதில் நியாயம் இருக்கிறது. 1985-இல் அவளுக்கு இரண்டு வயது. ஒன்பது மாதம் கழித்து நீ வீட்டுக்குப் போனபோது உன்னிடம் வராமல் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டாள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவள் அதை மறந்திருக்க மாட்டாள். ஆனாலும் பையனை விடு. அவனுக்குப் போனும் வீடியோவும் இருக்கின்றன, நமக்குத் துறைமுகத்துக்குத் துறைமுகம் காத்திருந்த கடிதம்தான் இருந்தது. ஒன்று மட்டும் செய்: சேர்வதற்கு முன் பயிற்சிக் கல்லூரிக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று நீயே நேரில் போய் விசாரி. ஏஜென்ட் கையில் பணம் கொடுக்காதே.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மணியடித்து, கேப்டன் ஒலிபெருக்கியில் கப்பலின் நிலையைச் சொன்னார். டைட்டானிக் கிடக்கும் இடத்துக்குத் தெற்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். அது கிடக்கும் ஆழம் சுமார் 3,800 மீட்டர். சாப்பாட்டுக் கூடம் ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறுவதற்கு முன் மகளை அழைத்துக்கொண்டு அங்குள்ள பூங்காவில் டைட்டானிக் இன்ஜினியர்களின் நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். 1914-இல் எழுப்பியது. சிறகு விரித்த வெண்கலப் பெண் உருவம், கீழே கல்லில் பெயர்கள். இன்ஜினியர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கப்பல் மூழ்குவதற்குச் சில நிமிடம் முன்புவரை விளக்கு எரிந்தது. படகில் இறங்கியவர்கள் அந்த வெளிச்சத்தில்தான் இறங்கினார்கள். அன்று நீ பார்த்த ஊர் மாதிரி வெளிச்சத்துக்குக் கீழேயும் நம்மைப் போல் இருவர் நின்றிருப்பார்கள், மேலே போய்க் கடலைப் பார்க்க முடியாமல்.

அன்று நீ பார்த்த குயீன் எலிசபெத் 2 இப்போது துபாயில் இருக்கிறது. 2008-இல் ஓய்வு கொடுத்தார்கள், 2018 முதல் ஹோட்டல். அண்ணன் மகன் அங்கே வேலையில் இருக்கிறான், படம் எடுத்து அனுப்பினான். அறைகளில் விளக்கு எரிகிறது. உன் மகன் ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான் என்றாயே, இந்த முறை போய்விடு. வலது கண்ணையும் முடித்துக்கொண்டு போ. இரவில் போய்த் துறைமுகத்தில் நின்று பார்.

உறைக்குள் இன்றைய நிகழ்ச்சிநிரல் தாளையும், கேப்டன் சொன்ன நிலையை நான் குறித்துக்கொண்ட சீட்டையும் வைத்திருக்கிறேன். பழைய அட்லஸ் உன்னிடம் இருக்கும், எடுத்துப் புள்ளி வைத்துக்கொள். நியூயார்க்கில் இறங்கியதும் தபாலில் போடுகிறேன். உள்ளே நுழையும்போது வெரசானோ பாலத்துக்கு அடியில் புகைப்போக்கி மயிரிழையில் தப்பிப் போகுமாம், அதற்காகவே அதன் உயரத்தைக் குறைத்துக் கட்டினார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மேலே போய் நிற்கப் போகிறேன். இந்தக் கப்பலின் இரண்டு ஊதுகுழல்களில் ஒன்று 1930-களின் பழைய குயீன் மேரியிலிருந்து கழற்றி வந்தது. கிளம்பும்போது ஒலித்தது. காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் இடித்தது. பாலத்துக்கு அடியில் ஒலித்தால் போனில் பதிவு செய்து உனக்கு அனுப்புகிறேன்.

உன் தங்கை விழித்துக்கொண்டாள். விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.

என்றும் அன்புடன்,
உன் நான்காம் இன்ஜினியர்