கோயில் வாசலில் தூக்குக் கயிறு கேட்கலாமா? எங்கள் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

போன மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மாதா கெபி அருகே மேசை போட்டு, ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையில் குற்றவாளிக்குத் தூக்குக் கேட்டு நடந்த கையெழுத்து வேட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'தூக்கில் போடு' என்ற பேனர் இன்னும் கேட்டில் தொங்குகிறது. எந்த வழக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழந்தையை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. குற்றவாளி வெளியே வரவே கூடாது என்று கேளுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். கோயில் வளாகத்தில் நின்று உயிரைக் கேட்காதீர்கள். பேனரை இறக்குங்கள்.

அன்று வரிசையில் ஓர் அம்மா நின்றார். மகன் கொலை வழக்கில் புழல் சிறையில் இருப்பதும், மனு போட்டு அவனைப் பார்க்க அவர் பஸ் மாறி மாறிப் போய் வருவதும் எங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழுவில்) எல்லோருக்கும் தெரியும். இளைஞர் இயக்கத் தம்பி பேனாவை நீட்டி, "போடுங்கம்மா, எல்லாரும் போட்டுட்டாங்க" என்றார். அம்மா வாங்கினார். தாளின் தலைப்பைப் படித்தார். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார். "அவங்க எப்படிப் போடுவாங்க?" என்று ஒரு குரல். பேரவை உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அந்த அம்மாவைத் திருப்பலியில் பார்க்கவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஆகஸ்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலின் 2267ஆம் எண்ணைத் திருத்தினார். மரண தண்டனை மனித மாண்பைத் தாக்குவதால் ஏற்கவே முடியாதது, உலகெங்கும் அதை ஒழிக்கத் திருச்சபை உழைக்கும் என்று அதில் இருக்கிறது. 1995லேயே திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அதற்கான தேவை இனி மிக மிக அரிது என்று சொல்லிப் பாதி வழி வந்துவிட்டார். நம் பீடத்தில் இதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. தேர்த்திருவிழா நன்கொடைப் பட்டியலை மட்டும் ஒரு பெயர் விடாமல் வாசிக்கிறோம். குருத்து ஞாயிறன்று "சிலுவையில் அறையும்" என்று கூட்டத்தின் பகுதியை உரக்க வாசித்துப் பழகிய நமக்கு, வெளியே வந்தும் அதே பாட்டுத்தான் போல!

சரி, நாட்டு நடப்பையாவது பார்ப்போம். ராஜீவ் கொலை வழக்கில் 1998இல் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவசரப்பட்டிருந்தால் அந்த 19 உயிரை யார் திருப்பிக் கொடுப்பது? 2014இல் இராமேசுவரம் மீனவர் ஐவருக்குக் கொழும்பில் மரண தண்டனை என்றதும் தமிழ்நாடே பதறியது. மன்னிப்புக் கிடைத்து அவர்கள் வீடு திரும்பினார்கள். நம்ம பிள்ளைகள் என்றால் மன்னிப்பு, அடுத்தவன் என்றால் கயிறா?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: பேனரை இறக்குங்கள். கையெழுத்துத் தாள்களை எங்கும் அனுப்பாதீர்கள். ஆகஸ்டில் வரும் சிறைப்பணி ஞாயிறன்று 2267ஆம் எண்ணை மறையுரையில் வாசியுங்கள் ஃபாதர். அதற்கு முன்னால், அன்று சிரித்த உறுப்பினரை அழைத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவர்,
சென்னை