ஃப்ரீசரில் இடம் கொடுத்தவர்களுக்கு

பாஸாவ், ஜெர்மனி, ஜூன் 2013

தண்ணீர் எதுவரை ஏறியது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 12.89 மீட்டர், 1501-க்குப் பிறகு டான்யூப் ஆறு இங்கே இவ்வளவு உயர்ந்ததில்லை. பழைய நகரத்தின் தாழ்வான தெருக்களில் குடியிருக்கும் நாங்கள் நன்றி சொல்ல மட்டும் இதை எழுதுகிறோம்.

சேற்றை வாளி வாளியாகக் கைமாற்றி வெளியேற்றிய மாணவர்கள், ராணுவ வீரர்கள், சூப்புப் பானையோடு வந்து நின்றவர்கள், எல்லோருக்கும் நன்றி. வண்டலை ஈரத்திலேயே வழித்துவிட வேண்டும், காய்ந்துவிட்டால் கொத்தித்தான் எடுக்கணும். அதற்குள் அத்தனை கைகள் வந்து சேர்ந்தன. நிலவறைத் தண்ணீரை உடனே இறைக்க விடாத தீயணைப்பு வீரர்களுக்குத் தனி வணக்கம். வெளியே நிலத்தடி நீர் இறங்குமுன் உள்ளே காலி செய்தால், அந்த அழுத்தம் சுவரையும் தரையையும் உள்பக்கம் தள்ளிவிடும்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவை புகைப்பட ஆல்பங்கள்.

குப்பை வண்டிக்காகத் தெருவில் குவித்திருந்த நனைந்த மெத்தைகளுக்கு நடுவிலிருந்து ஒரு மாணவி அவற்றை உருவி எடுத்தார். “தூக்கிப் போடாதீங்க. இப்போ பிரிச்சும் பார்க்காதீங்க” என்றார். ஈரப் படத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வந்துவிடும். அதற்குள் கழுவிக் காயவைக்க வழியில்லை என்றால் உறையவைப்பதுதான் கதி. கீழே மின்சாரம் கிடையாது. மேட்டுத் தெருக்களில் வீடு வீடாகக் கேட்டார். எங்களை முன்பின் பார்த்திராதவர்கள், பட்டாணியையும் இறைச்சியையும் ஒதுக்கி, யார் வீட்டுக் கல்யாணப் படங்களுக்கோ ஃப்ரீசரில் இடம் கொடுத்தார்கள். இடையிடையே மெழுகுத்தாள் வைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, படுக்கைவசமாக அடுக்கினோம்.

இப்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கழுவுகிறோம். அவர் காட்டிக்கொடுத்த முறைதான்: அகலத் தட்டில் சுத்தமான குளிர்ந்த நீர், கலங்கியதும் மாற்ற வேண்டும். ஒட்டிய படங்களைப் பிய்க்காமல், தானே விடும்வரை ஊறவிடணும். படத்தின் முகப்பில் விரல் படவே கூடாது. படத்தின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் நனைந்தால் கூழாகி, தொட்ட இடம் விரலோடு வந்துவிடும். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து எண்ணெய் பட்டவற்றுக்குத் தனித் தட்டு, இல்லையேல் எல்லாவற்றிலும் படலம் ஏறும். பிறகு உறிஞ்சுதாளில் முகம் மேலாக, நிழலில். வெயிலோ ஹேர் டிரையரோ பட்டால் படம் சுருண்டுவிடும். இங்க்ஜெட் பிரிண்டைத் தண்ணீரில் போடவே கூடாது, மை கரைந்து ஓடிவிடும்.

வண்ணப்படம் சீக்கிரம் கெடும் என்பதால் முதல் முறை அவற்றுக்கு. ஓபர்ஹவுஸ் கோட்டை மேலிருந்து எடுத்தவைதான் அதிகம்: பச்சை இன், டான்யூப், கரிய இல்ஸ் என மூன்று ஆறும் சேருமிடம், இன் கரையில் ஷைப்ளிங் கோபுரம். ஒவ்வொரு வீட்டிலும் அதே படம், நிற்கிற ஆள்தான் வேறு. கறுப்பு வெள்ளையில் 1954 வெள்ளமும் இருக்கிறது. அப்போது 12.20 மீட்டர். அந்த வெள்ளத்துக்குத் தப்பிய ஊரைப் படம் எடுத்து வைத்தார்கள். அந்தப் படங்கள் இந்த வெள்ளத்தில் மாட்டிக்கொண்டன!

இனி ஆல்பம் எதுவும் எங்கள் வீடுகளில் கீழ்த்தளத்தில் இருக்காது. உறிஞ்சுதாளும் தட்டுகளும் மெழுகுத்தாளும் மேல்மாடியில் தயாராக இருக்கும். அடுத்த முறை கீழ்க்கரையில் எந்த ஊர் நனைந்தாலும் கழுவ நாங்கள் வருகிறோம்.

மேட்டுத் தெருக்காரர்களே, உங்கள் ஃப்ரீசரைக் கோடை முடிவதற்குள் திருப்பித் தந்துவிடுவோம். காய்ந்த படங்களில் சொந்தக்காரர் தெரியாதவை நிறைய. அடையாளம் தெரிந்தால் பின்பக்கம் பெயர் எழுதிக்கொடுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பேனா வேண்டாம், மை முகப்புவரை ஊறிவிடும்.